கடற்குதிரை

அப்பாவைப் பற்றி இதற்கு முன் மூன்று கவிதைகள் எழுதியிருக்கிறேன்.
முதலாவதில் அவர் மாலுமி.
இரண்டாவதில் அகதி.
மூன்றாவதில் ஏறக்குறைய ஒரு நாடு;
அதை வாசித்தபோது யாரோ அழுதார்கள், பிறகு கைதட்டினார்கள்.
எதிலும் அவர் கையில்
அந்த நீர் வழிக்கும் ரப்பர் கட்டை இல்லை.

இசர்லோனில் ஒரு நீச்சல்குளம்.
குளோரின் மணம் கண்ணாடிக் கதவைத் தாண்டி
பஸ் தரிப்பிடம் வரை வரும்.
எங்கள் வீட்டிலும் அது இருந்தது:
அவர் ஜாக்கெட்டில், துவாயில்,
சோறு பிசையும் விரல்களில்.
மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஒன்றுமே மணப்பதில்லை என்று
அவர்களுக்காக நான் இரங்கியதுண்டு.
குளம் முழுக்க அப்பாவுடையது.
சாவி அவரிடம்தானே இருந்தது.

மூன்றாம் வகுப்பில், செவ்வாய்க்கிழமைகளில் நீச்சல்.
ஃபிராவ் கெஸ்லர் விசில் ஊத
இருபத்திரண்டு பேர் விளிம்பில், முழங்கால் நடுங்க.
எதிர்ப்பக்கம் அப்பா
ஓடுகளில் தேங்கிய தண்ணீரை
வடிகாலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.
நீல மேற்சட்டை. பெயர்ப்பட்டியில் தவநேசன் இல்லை,
‘தவா’ மட்டும். மிச்சத்துக்கு இடம் போதவில்லையாம்.

அந்த ஆள் உன்னையே பார்க்கிறார்,
தெரிந்தவரா? என்றாள் யானா.

இல்லை என்றேன்.
ஜெர்மனில் அது ஒரே அசை.
தமிழில் இரண்டு;
நடுவில் யோசித்திருக்கலாம்.

கட்டை ஒருமுறை நின்றது.
பிறகு தண்ணீர் போன பக்கம் போனது.

அன்றைக்குத்தான் அந்த நீளத்தை நீந்தி முடித்து
அடியில் கிடந்த வளையத்தையும் எடுத்துவந்தேன்.
கடற்குதிரை வரைந்த செம்மஞ்சள் துணிச்சின்னம் தந்தார்கள்.
நீச்சலுடையில் தைக்க வேண்டும்.
அம்மாவுக்கு இரவு வேலை.
அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
ஊசியில் நூல் கோர்க்க மூன்று தரம் எச்சில் தொட்டார்.
குதிரை கொஞ்சம் தலை சரிந்து நின்றது.
“நல்லா நீந்தினியோ?”
அங்கே இருக்காத ஒருவரைப் போலக் கேட்டார்.
ஓம் என்றேன்,
அங்கே இருக்காத ஒருவருக்குச் சொல்வதுபோல.

பதினாறு வயதில் வேறு குளம் தேடி
நாற்பது நிமிடம் பஸ்ஸில் போனேன்.
அவர் நீந்தி நான் கண்டதேயில்லை.
தண்ணீருக்குப் பயந்தவர் என்று முடிவு கட்டினேன்.
பல்கலைக்கழகத்தில் அந்தப் பயத்துக்கு
ஒரு வரலாறும் தைத்துக் கொடுத்தேன்:
படகு, இருட்டு, கரைக்கு வராத இன்னொருவன்.
இரண்டாம் கவிதையும் மூன்றாம் கவிதையும் அதில் வந்தவைதான்.
அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கவிதைக்கு அது தேவைப்படவில்லை.

போன மாசி மாதம் அதே குளம்.
ஓய்வு பெற்றவர், காற்சட்டையை முழங்கால் வரை மடித்து
சூடான ஓட்டு வாங்கில் என் பக்கத்தில்.
தண்ணீரிலிருந்து நிலானி கத்துகிறாள்,
மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்க:
“அம்மப்பா! அம்மப்பா! இங்க பாருங்கோ!”
அவர் இரண்டு கையையும் தூக்குகிறார்.

உங்களுக்கு நீந்தத் தெரியுமா அப்பா?
“தெரியும்.
வேலைசெய்யிற ஆக்கள் இறங்கக்கூடாது எண்டு சட்டம்.
பிறகு அப்பிடியே பழகிப்போச்சு.”

அவ்வளவுதான்.
ஒரு நாடு முழுக்க என் கையில் ஈரமாகக் கரைந்தது.

நிலானி மூழ்கி, எழுந்து, மறுபடியும் மூழ்கினாள்.
அவளிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்:
“அண்டைக்கு எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, பிள்ளை.”

எண்டைக்கு என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் இன்னொரு தரம் அவர் பொய் சொல்ல வேண்டிவரும்.

குனிந்து அவர் காலைப் பார்த்தேன்.
பெருவிரல் நகம் உள்ளே வளைந்திருந்தது, என்னுடையதைப் போல.
அந்தப் பாதம்
யாரும் கேளாமலே
காலடியில் தேங்கிய தண்ணீரை
மெல்ல மெல்ல வடிகால் பக்கம்
தள்ளிக்கொண்டிருந்தது.